செடிக்குள் குடியிருக்கும் பூஞ்சை நோயை எப்படித் தடுக்கிறது?

பெங்களூரில் மாடித்தோட்டம் போடுகிற தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சை கலந்த ஒரு வெள்ளைப் பவுடர் பாக்கெட்டில் வந்து நின்றுவிடும். மிளகாய் இலை சுருண்டுபோச்சா, ட்ரைக்கோடெர்மா போடுங்க. தக்காளி தலை தொங்கிவிட்டதா, ட்ரைக்கோடெர்மா போட்டீங்களா இல்லையா? கறிவேப்பிலை மஞ்சளடித்தாலும் அதே பதில்தான். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் வருஷா வருஷம் நடக்கும் கிருஷி மேளா என்ற விவசாயக் கண்காட்சியில் இரண்டு பாக்கெட் வாங்கி வந்து, ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டு, எந்த வியாதிக்கும் ஒரு ஸ்பூன் என்று கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு. ஓசூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் மாமாக்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "பூஞ்சாணத்தைக் கொல்லத்தான் நாங்க காசு கொடுத்து மருந்து வாங்குறோம், நீ காசு கொடுத்துப் பூஞ்சாணத்தையே வாங்குறியா?"

எனக்கு என்னவோ, இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் இடறுகிறது என்று தோன்றுகிறது. இரண்டு பேருமே அந்தப் பவுடரில் இருப்பதை ஒரு மருந்தாக வைத்துத்தான் பேசுகிறார்கள். ஒருவருக்கு அது நல்ல மருந்து, இன்னொருவருக்குப் பொய் மருந்து. செடிக்குள்ளேயே வாழும் பூஞ்சைகளை வைத்துப் பயிர்நோயைக் கட்டுப்படுத்துவது என்கிற விஷயம் மருந்துக் கணக்கில் அடங்காது. அது ஒரு குடியிருப்பு விவகாரம். அதைத்தான் அடியிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு இலைக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள்

பூஞ்சை என்றதும் நமக்குப் பழைய ரொட்டியில் பூத்த பச்சையும் மழைக்காலத்தில் பெல்ட்டில் படிந்த வெள்ளையும்தான் ஞாபகம் வரும். அதன் உடம்பு என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய, கிளைவிட்டுக்கொண்டே போகும் நூல்கள். இவற்றைப் பூஞ்சை இழை என்பார்கள். அது பரவுவதற்கு உதிர்க்கும் நுண்ணிய தூசிதான் ஸ்போர். காற்றில், மழைத்துளியில், தோட்டக்காரரின் கையில் என்று எல்லாவற்றிலும் ஸ்போர் பயணம் செய்யும்.

சரி, நோய் எதுவும் இல்லாத, பளபளவென்று பச்சையாக இருக்கும் ஒரு மாவிலையை எடுங்கள். நன்றாகக் கழுவி, ஆல்கஹாலில் முக்கி, பிறகு துணி வெளுக்கப் பயன்படும் பிளீச்சில் முக்கி, சுத்தமான நீரில் அலசினால் இலையின் வெளிப்பக்கம் இருக்கும் கிருமியெல்லாம் செத்துவிடும். அந்த இலையைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகரும் சேர்த்து உறைய வைத்த தட்டில் வைத்துவிட்டால், சில நாளில் வெட்டிய ஓரங்களிலிருந்து வெள்ளையும் சாம்பலும் கருப்புமாக நூல் கிளம்பும். வெளியே எல்லாம் செத்த பிறகு வருகிறது என்றால் அது உள்ளே இருந்ததுதான். (நல்ல ஆய்வகங்களில் கடைசியாக அலசிய நீரையும் ஒரு தட்டில் ஊற்றிப் பார்ப்பார்கள், அதில் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால் இலை சரியாகச் சுத்தமாகவில்லை என்று அர்த்தம்.)

இப்படி நோய்க்குறி எதையும் காட்டாமல் செடியின் திசுக்களுக்குள் வாழும் பூஞ்சைதான் உள்வாழ் பூஞ்சை. எண்டோஃபைட் என்ற பெயரையும் கேட்டிருப்பீர்கள். 1866-ல் ஜெர்மன் தாவரவியலாளர் அன்டன் டி பாரி செடிக்குள் வாழும் உயிர்களுக்கு வைத்த பெயர் அது. அன்றிலிருந்து தேடியவர்கள் கிட்டத்தட்டத் தேடிய எல்லாச் செடியிலும் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில், சென்னையில் இருந்தபடி டி.எஸ். சூர்யநாராயணன் முதுமலை போன்ற காடுகளின் மரங்களில் இவற்றைப் பல வருஷமாக ஆராய்ந்திருக்கிறார்.

உள்ளே எப்படிப் போகின்றன? இரண்டு வழி. சில புல் வகைகளில் தாய்ச்செடியின் விதைக்குள்ளேயே பூஞ்சை உட்கார்ந்து அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். மற்ற பெரும்பாலான செடிகளில் புது இலை சுத்தமாகத்தான் பிறக்கிறது. மழையும் பனியும் காற்றும் கொண்டுவரும் ஸ்போர் அதன்மேல் விழுந்து, முளைத்து, உள்ளே நுழைகிறது. அதனால் ஒரே கிளையில் கொழுந்து இலை காலியாகவும், வயதான இலை நெரிசலாகவும் இருக்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் எழுதுபவர்கள் இதைத்தான் விழுங்கிவிடுகிறார்கள். உள்ளே இருப்பவற்றில் பெரும்பாலானவை செடிக்குப் பெரிதாக நல்லதும் செய்வதில்லை, கெட்டதும் செய்வதில்லை. சும்மா இருக்கின்றன. நோயைத் தடுப்பவை அதில் ஒரு சிறு கூட்டம்.

காலி சைட்டும் வாட்ச்மேன் குடும்பமும்

பெங்களூரில் காலி சைட் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஹொரமாவு பக்கமோ வேறெங்கோ ஒரு முப்பதுக்கு நாற்பது சைட்டை வாங்கி அப்படியே விட்டால் என்ன ஆகும்? முதலில் பக்கத்துத் தெரு குப்பை வரும். அப்புறம் ராத்திரியில் டிராக்டரில் கட்டட இடிபாடு வந்து இறங்கும். அதனால் ஓனர் ஒரு தகர ஷெட் போட்டு, வாட்ச்மேன் குடும்பம் ஒன்றை அங்கே குடிவைப்பார். தண்ணீரும் கரண்டும் ஓனர் செலவு.

அந்தக் குடும்பம் காலையிலிருந்து யாரோடும் சண்டை போடுவதில்லை. கொடியில் துணி காய்கிறது, அடுப்புப் புகைகிறது, அவ்வளவுதான். குப்பை கொட்ட வந்தவன் அதைப் பார்த்துவிட்டு அடுத்த காலி சைட்டைத் தேடிப் போகிறான். எப்போதாவது ஒருவன் மீறி நுழைந்தால் கம்பை எடுத்து விரட்டுவார்கள். பெரிய கும்பலாக வந்தால் ஓனருக்கு ஒரு போன் போகும், அவர் ஆள் அனுப்பி வேலி போடுவார், கேட்டுக்குப் பூட்டு வரும்.

உள்வாழ் பூஞ்சை நோய்க்கிருமியைத் தடுக்கும் வழிகளும் இவைதான்: இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்வது, நேரடியாகத் தாக்குவது, செடியை உசுப்பிவிட்டுச் செடியையே வேலி போட வைப்பது. தண்ணீர், கரண்டுக்குப் பதில் செடி தருவது சர்க்கரை.

இங்கே ஓர் இடத்தில் மட்டும் உதாரணம் உதைக்கும். வாட்ச்மேனுக்கு ஓனர் யார் என்று தெரியும், விசுவாசம் உண்டு. பூஞ்சைக்கு அப்படி எதுவும் கிடையாது. அது தன் வயிற்றுப்பாட்டைப் பார்க்கிறது. அதன் வயிற்றுப்பாடும் செடியின் நலனும் ஒத்துப்போகிற வரைக்கும் நமக்கு லாபம்.

இதுவரை: ஆரோக்கியமான செடிக்குள்ளும் பூஞ்சைகள் உண்டு. பலவும் சும்மா இருப்பவை. சில மட்டும் இடம் பிடித்தோ, அடித்தோ, செடியை எழுப்பிவிட்டோ நோய்க்கிருமிக்கு வழிவிடாமல் செய்கின்றன.

இடம் பிடிப்பதும் அடிப்பதும்

பிரான்சின் தெற்கில் ஷாட்டோரெனார் என்ற ஊரில் ஒரு மண். முலாம்பழத்துக்கு வாடல் நோய் தரும் ஃப்யூசேரியம் என்ற பூஞ்சை அந்த வட்டாரத்தில் உண்டு, ஆனால் அந்த மண்ணில் நட்ட செடி வாடவில்லை. மண்ணை நீராவியில் சூடாக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அப்படியானால் காப்பாற்றியது மண்ணில் இருந்த ஏதோ உயிர். தேடிப் பார்த்தால், அதுவும் ஃப்யூசேரியம்தான்! நோய் தராத ஒரு ரகம். எஃப்.ஓ.47 என்று பெயரிட்டு இன்றுவரை ஆராய்கிறார்கள். வேர் கசியவிடும் சர்க்கரையையும், வேரில் நுழையத் தோதான இடங்களையும் இது முதலில் எடுத்துக்கொள்கிறது. கூடவே செடியின் எதிர்ப்பையும் கொஞ்சம் கிளப்பிவிடுகிறது. நோய் தரும் ரகம் வேருக்குள் புகுந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது.

அடிதடிக்குப் பேர்போனது நம் ட்ரைக்கோடெர்மா. ரைசாக்டோனியா என்று நாற்றழுகலும் வேரழுகலும் உண்டாக்கும் ஒரு பூஞ்சை இருக்கிறது. ட்ரைக்கோடெர்மாவின் இழை அதன் இழையைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டு, அதன் செல் சுவரைக் கரைக்கும் நொதிகளை விட்டு, ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். இதை 1932-லேயே வைண்ட்லிங் என்ற ஆராய்ச்சியாளர் எழுதிவிட்டார், ஆக இது ஒன்றும் நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. சில பூஞ்சைகள் பக்கத்தில் போகாமலேயே கொல்லும். ஹோண்டுராஸில் ஒரு லவங்கப்பட்டை மரத்துக்குள்ளிருந்து எடுத்த மஸ்கோடோர் என்ற பூஞ்சை விடும் ஆவியே பல பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் சாகடிக்கும்.

ட்ரைக்கோடெர்மா உள்வாழ் பூஞ்சையா என்று கேட்டால் பாதிதான் ஆமாம். பல ரகங்கள் மண்ணிலும் மட்கிலும் சொந்தமாகப் பிழைத்துக்கொள்பவை. சில ரகங்கள் வேரின் மேல்தோலையும் அதற்கடுத்த சில அடுக்குகளையும் தாண்டிக் குடியேறும்; அதற்கு மேல் போகவிடாமல் செடியே செல் சுவரைத் தடிப்பாக்கி நிறுத்திவிடுகிறது. கோகோ மரத்தில் தண்டுக்குள்ளேயே வாழும் ட்ரைக்கோடெர்மாக்களும் உண்டு. ஆக பாக்கெட்டில் இருக்கும் ரகம் எது என்பதைப் பொறுத்தது இது.

செடியை எழுப்பிவிடுவது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் இதில் பூஞ்சை யாரையும் அடிப்பதில்லை.

செடிக்கு நம்மைப்போல ரத்தத்தில் சுற்றிவரும் காவல் செல்கள் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன் வாசலைத் தானே காக்க வேண்டும். பூஞ்சையின் சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. அதன் துணுக்கு பட்டதும் செடியின் செல் "யாரோ வந்திருக்கிறார்கள்" என்று கண்டுகொள்ளும். உடனே சுவரைத் தடிப்பாக்கும், நச்சு சுரக்கும், தேவைப்பட்டால் கிருமி பரவாமலிருக்கத் தானே செத்துப்போகும். உள்வாழ் பூஞ்சையிடமும் கைட்டின் உண்டு, அதனால் அதற்கும் ஆரம்பத்தில் இதே வரவேற்புதான். ஆனால் அது சில புரதங்களை விட்டு அந்த எதிர்ப்பை ஓரளவு அமுக்கிவிடுகிறது, செடியும் அதை ஓர் எல்லைக்குள் அடக்கி வைக்கிறது. இந்த இழுபறியில் ஒரு நன்மை நடக்கிறது: செடி அரைத் தூக்கத்திலிருந்து விழித்துக்கொள்கிறது.

வேரில் கிடைத்த எச்சரிக்கை ஹார்மோன்கள் மூலமாக மேலே இலைவரை போகும். ஜாஸ்மோனிக் அமிலம் என்பது இதில் அதிகம் பேசப்படும் ஹார்மோன். இலை உடனே நச்சு சுரப்பதில்லை, அது வீண் செலவு; எதிர்ப்புக்கான ஏற்பாட்டை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளும். பிறகு நிஜமான கிருமி வரும்போது, தயாராக இல்லாத செடியைவிடச் சீக்கிரமாகவும் பலமாகவும் பதில் கொடுக்கும். இதற்குத் தூண்டப்பட்ட எதிர்ப்பு என்று பெயர்.

ஆதாரம் வேண்டுமா? தார் பாலைவனத்துக்குப் போகலாம். நாம் வெட்டி எறியத் துடிக்கும் சீமைக் கருவேலம் இருக்கிறதே, ராஜஸ்தானில் அதன் வேரையும் ஒரு காட்டு இலந்தையின் வேரையும் சுற்றியிருந்த மணலில், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அஜித் வர்மா குழுவினர் ஒரு பூஞ்சையைக் கண்டுபிடித்து 1998-ல் பிரிஃபார்மோஸ்போரா இண்டிகா என்று பெயர் வைத்தார்கள். இப்போது செரண்டிபிட்டா இண்டிகா. 2005-ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் அதை பார்லியின் வேரில் குடியேற்றினார்கள். வேரழுகல் குறைந்தது. உப்பைத் தாங்கியது. விளைச்சல் கூடியது. இலையில் வரும் சாம்பல் நோயும் குறைந்தது. அந்தப் பூஞ்சை வேரைத் தாண்டி மேலே வரவே இல்லை. சாம்பல் நோயோ கீழே வேருக்குப் போகாது. இரண்டும் ஒரு தடவைகூடச் சந்தித்துக்கொள்ளாமல் ஒன்று மற்றொன்றைத் தடுத்திருக்கிறது என்றால், நடுவில் வேலை செய்தது செடி மட்டும்தான்.

எல்லாப் பூஞ்சையும் இப்படிச் செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். பனாமாவில் கோகோ நாற்றுகளை வைத்து நடந்த, 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், இலைகளில் உள்வாழ் பூஞ்சைகளைக் குடியேற்றிவிட்டு ஃபைட்டோஃப்தோரா என்ற கொடிய கிருமியை விட்டார்கள். பூஞ்சை இருந்த இலைகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. ஆனால் பாதுகாப்பு பெரும்பாலும் அந்தந்த இலையோடு நின்றுவிட்டது. அதே செடியில் பூஞ்சை இல்லாத இலைக்கு அது அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. அதாவது பார்லியில் எச்சரிக்கை செடி முழுக்கப் பரவியது, கோகோவில் உள்ளே ஆள் இருந்த இலை மட்டும் பிழைத்தது. "உள்வாழ் பூஞ்சை இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒரே வரியில் யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

பெயரை வைத்து நல்லவன் கெட்டவன் சொல்ல முடியாது

பாதாமி மாம்பழம் வாங்கி வருகிறோம், தோல் மாசு மருவில்லாமல் இருக்கிறது. நாலாம் நாள் பழுக்கும்போது கருப்புப் புள்ளிகள் பரவிவிடும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கொல்லெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சை பிஞ்சிலேயே தோலுக்குள் நுழைந்து, காய் காயாக இருந்த வரைக்கும் சத்தம் போடாமல் இருந்துவிட்டு, பழம் இனித்ததும் வேலையைக் காட்டுகிறது. அந்த இடைப்பட்ட காலத்தில் ஆய்வகத்துக்கு எடுத்துப் போயிருந்தால் அதையும் உள்வாழ் பூஞ்சை என்றுதான் பதிவு செய்திருப்பார்கள். ஓனர் வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காவிட்டால் தகர ஷெட் பெரிதாகி, முன்னால் ஒரு டீக்கடை வந்து, காலி செய்யச் சொன்னால் கேஸ் நடக்கும் அல்லவா, அந்த மாதிரி.

1993-ல் இதே கொல்லெட்டோட்ரைக்கம் குடும்பத்தில் தர்பூசணி, வெள்ளரி வகைகளைத் தாக்கும் ஒரு பூஞ்சையை எடுத்து, அதில் ஒரே ஒரு மரபணு இடத்தில் மாற்றம் ஏற்பட்ட ரகத்தைப் பிரித்தார்கள். அது செடிக்குள் சாதாரணமாகப் பரவியது, ஆனால் நோய் தரவில்லை. அதோடு நிற்காமல், நோய் தரும் தன் பழைய ரகத்திடமிருந்து செடியைக் காப்பாற்றவும் செய்தது. கொலைகாரனுக்கும் காவல்காரனுக்கும் நடுவில் ஒரே ஒரு மரபணு.

ஃப்யூசேரியமும் அப்படித்தான். கோலார் தக்காளிக்கும் நம் ஊர் வாழைக்கும் வாடல் கொண்டுவரும் அதே பெயரில்தான் மேலே சொன்ன எஃப்.ஓ.47 இருக்கிறது. இங்கே ஜி.கே.வி.கே.யில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், கேரளாவின் உப்புநீர் வயல்களில் விளையும் பொக்காளி நெல்லுக்குள்ளிருந்து ஒரு ஃப்யூசேரியத்தைப் பிரித்து, உப்பு தாங்காத ஐ.ஆர்.64 நெல்லுக்குள் குடியேற்றி, அதை உப்பு தாங்க வைத்தார்கள். 2020-ல் வெளியான வேலை. நோய் விவகாரம் இல்லைதான், ஆனாலும் ஃப்யூசேரியம் என்ற பெயரைக் கேட்டதும் மருந்து தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

தட்டில் ஜெயித்தது வயலில் ஏன் தோற்கிறது

செய்திகளில் ஒரு படம் அடிக்கடி வரும்: வட்டத் தட்டில் ஒரு பக்கம் நல்ல பூஞ்சை, மறுபக்கம் நோய்க்கிருமி, நடுவில் கிருமி வளர முடியாமல் நின்ற கோடு. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தட்டில் செடியே இல்லை. செடியை எழுப்பிவிட்டு வேலை செய்யும் பூஞ்சையை அந்தத் தட்டு அடையாளம் காட்டாது. தட்டில் புலியாக இருப்பது வேருக்குள் நுழையவே தெரியாததாகவும் இருக்கலாம்.

வயலில் வேறு தொல்லைகள். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் ஆயிரம் நுண்ணுயிர்களோடு புதிதாக வந்தது போட்டி போட வேண்டும். மண் காய்ந்து கிடந்தால் ஸ்போர் முளைக்காது. ஒரு ரகத்துக்கு ஒத்துப்போகும் பூஞ்சை, அதே பயிரின் இன்னொரு ரகத்தில் சரியாகக் குடியேறாமல் போகலாம். முக்கியமாக நேரம்: கிருமி உள்ளே போய் இடம் பிடித்த பிறகு நல்ல பூஞ்சையைக் கொண்டுபோய் ஊற்றுவது, சைட்டில் அடுத்தவன் வீடு கட்டி கிரகப்பிரவேசம் முடித்த பிறகு வாட்ச்மேன் தேடுவதற்குச் சமம். அதனால்தான் விவரம் தெரிந்த விவசாயிகள் இதை விதை நேர்த்தியிலும் நாற்றங்காலிலும் போடுகிறார்கள். செடி வாடிய பிறகு போட்டுவிட்டு "ஏமாத்து வேலை" என்று திட்டுவதில் நியாயம் இல்லை.

இந்தப் பகுதியில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பூஞ்சை முன்கூட்டியே, உயிரோடு, ஒத்துப்போகும் செடிக்குள் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பலன் கேள்விக்குறி.

இனி அந்த வெள்ளைப் பவுடர்

வெள்ளையாக இருப்பது முகத்துக்குப் போடும் பவுடரில் உள்ள அதே டால்க். அதில் பூஞ்சை கலந்திருக்கிறது. இந்தியாவில் ட்ரைக்கோடெர்மா பவுடரில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள அலகுகள் இருக்க வேண்டும் என்பது விதி. உயிருள்ள என்பதுதான் முக்கியம். மாதங்கள் போகப் போக எண்ணிக்கை இறங்கும், வெயிலில் வைத்தால் வேகமாக இறங்கும். ஆகவே விலைக்கு முன்னால் தயாரித்த தேதியைப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் மேலே வைப்பதும் அவ்வளவு நல்ல யோசனை இல்லை, அங்கே சூடு.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, கிலோ விதைக்கு 4 கிராம். நிலத்துக்கு என்றால் ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து போடுவது, அதாவது ஏக்கருக்குச் சுமார் ஒரு கிலோ. தொட்டிக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். ஈரமான மட்கு உரத்தில் கொஞ்சம் கலந்து, சில நாள் நிழலில் மூடி வைத்து, நாற்று நடும்போதே குழியில் போட்டால் போதும். கூடவே கார்பென்டசிம் போன்ற பூஞ்சாணக்கொல்லியையும் ஊற்றினால் காசு இரண்டு பக்கமும் வீண், ஏனென்றால் ட்ரைக்கோடெர்மாவும் பூஞ்சைதானே, அதுவும் சாகும். வேப்பம்புண்ணாக்கோடு அதற்குச் சண்டை இல்லை.

பக்கத்து பாக்கெட்டுகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சூடோமோனாஸ் என்பது பாக்டீரியா. நோயைத் தடுக்கும், ஆனால் பூஞ்சை அல்ல. வேம் என்று விற்பது வேரிலிருந்து மண்ணுக்குள் இழை நீட்டி மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து கொடுக்கும் வேறொரு பூஞ்சைக் கூட்டம். ஹெசரகட்டா தோட்டக்கலை நிறுவனத்தின் அர்கா மைக்ரோபியல் கன்சார்ஷியம் முக்கியமாகச் சத்துகளைக் கிடைக்கச் செய்யும் நுண்ணுயிர்க் கலவை. எல்லாமே பொடியாகவும் திரவமாகவும் ஒரே அலமாரியில் இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது.

அப்புறம், ட்ரைக்கோடெர்மாவால் ஆகாதவை. தக்காளியில் வரும் இலைச்சுருட்டு வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மிளகாயில் இலை சுருள்வதற்குப் பல சமயம் இலைப்பேனும் சிலந்திப்பேனும் காரணம். வேரில் பூஞ்சை போட்டு இதைத் தீர்க்க முடியாது. கறிவேப்பிலை மஞ்சளுக்குப் பெரும்பாலும் சத்துக் குறைவையோ, நீர் தேங்குவதையோதான் பார்க்க வேண்டும். தக்காளி வாடினால் தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனையை முக்கிப் பிடியுங்கள். பால் போல ஒரு கோடு கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல், பூஞ்சை இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கி எறிவதுதான் வழி.

இலவசம் எதுவும் இல்லை

இயற்கை என்பதால் பாதிப்பே இருக்காது என்ற பேச்சையும் கேட்கிறேன். அமெரிக்காவில் 1943-ல் கென்டக்கி 31 என்ற தீவனப்புல் வெளிவந்தது. வறட்சி தாங்கியது, பூச்சி அண்டவில்லை, ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். அப்புறம் அதை மேய்ந்த மாடுகள் சூட்டில் தவித்தன, எடை ஏறவில்லை, சிலவற்றுக்குக் குளம்பும் வால் நுனியும் அழுகின. புல்லுக்குள் விதை வழியே பரவும் ஓர் உள்வாழ் பூஞ்சை இருப்பதை 1977-ல்தான் இதோடு சேர்த்துப் பார்த்தார்கள். புல்லைப் பூச்சியிடமிருந்து காத்த பூஞ்சையின் நச்சுகளில் ஒரு பகுதி மாட்டையும் பதம்பார்த்திருக்கிறது. பூஞ்சை இல்லாத புல்லை நட்டுப் பார்த்தால் புல் சோர்ந்துபோனது. கடைசியில் மாட்டுக்குக் கெடுதல் செய்யும் நச்சைச் சுரக்காத ரகங்களைத் தேடிப் பிடித்துப் புல்லுக்குள் குடியேற்றினார்கள். நியூசிலாந்தில் ரைகிராஸ் புல்லுக்கு ஏ.ஆர்.1 என்ற ரகம் 2001-ல் விற்பனைக்கு வந்தது.

ட்ரைக்கோடெர்மாவும் முழுச் சாது இல்லை. காளான் வளர்ப்பவர்களைக் கேளுங்கள், படுக்கையில் பச்சையாக அது பூத்தால் அந்த முறை நஷ்டம்தான். ஜெர்மனியில் 2018-ல் மக்காச்சோளக் கதிர்களை அழுகவைத்த பூஞ்சையை ஆராய்ந்தால் அது ட்ரைக்கோடெர்மாவின் ஓர் இனம். இத்தகைய உயிர்க்கட்டுப்பாட்டுப் பொருள்களும் நம் நாட்டில் 1968-ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். பாக்கெட்டில் பதிவு எண் இல்லையென்றால், எத்தனை இலை படம் போட்டிருந்தாலும் வாங்காதீர்கள்.

இந்த சீசனில் போட்டுப் பார்ப்பதாக இருந்தால் எல்லாத் தொட்டிக்கும் போட்டுவிடாதீர்கள். அதே விதை, அதே மண், அதே வெயில், பவுடர் மட்டும் இல்லாமல் சில தொட்டிகளைத் தனியாக விடுங்கள், அவற்றுக்குத் தண்ணீரும் வேறு கையால், வேறு வாளியில் ஊற்றுங்கள். எதில் நாற்று அழுகியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த பாக்கெட் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.